இரு பயிற்சியாளர்கள்

ஓரணியை நடத்தும் வழி ஒன்றன்று. அன்பால் ஊக்குவோரும் உளர். ஒழுங்கால் உருவாக்குவோரும் உளர். சென்னையின் எஃப்.சி. என்னும் கால்பந்து அணி இருவகையினரையும் கண்டது.

2015ஆம் ஆண்டு அதன் பயிற்சியாளர், இத்தாலியரான மார்கோ மாத்தராசி. முந்திய ஆண்டில் அவர் அவ்வணியில் தாமும் ஆடிக்கொண்டே பயிற்றினார். வீரருள் ஒருவராய் நின்று ஊக்குவதே அவர் வழி. இந்தியன் சூப்பர் லீக் பட்டியலின் கடைசியில் கிடந்த அணி, எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் வென்றது. டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. தாம்பரத்தில் ஒரு நாளில் 49 செ.மீ. மழை பெய்தது, முடிச்சூர் நீரில் மூழ்கியது. சென்னையில் நிகழவிருந்த அரையிறுதியாட்டம் புனேவுக்கு மாறியது. எனினும் வீரர் சோர்ந்திலர். இறுதியாட்டத்தில் பின்தங்கியிருந்தும், கடைசி நிமிடங்களில் இரு கோல்கள் பெற்று, கோவாவை 3-2 என வென்றனர்.

பின்வந்த ஆங்கிலேயர் ஜான் கிரிகரி, கட்டுக்கோப்பான ஆட்டத்தைப் பெரிதும் போற்றினார். 2018 மார்ச்சு மாதம் பெங்களூரில் நிகழ்ந்த இறுதியாட்டத்தில், ஒன்பதாம் நிமிடத்திலேயே எதிரணி கோல் அடித்தது. சென்னை அணி பதறவில்லை. மைதான மூலையிலிருந்து உதைக்கப்பட்ட பந்துகளைப் பிரேசில் வீரர் மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி, இருமுறை கோலாக்கினார். அன்றும் வெற்றி 3-2.

வழி வேறாயினும் பயன் ஒன்றே. வெள்ளத்தில் புறநகர் இளைஞர் அயலாரை மீட்டதும் ஊக்கம், ஒழுங்கு என்னும் இவ்விரண்டாலேயே அன்றோ?