கீமோ வாய்க்கு என்ன சமைப்பது?

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் புற்றுநோய் மையத்துக்கு வந்து கீமோ ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கிற புலம்பல்: "வாயெல்லாம் இரும்பைக் கடிச்ச மாதிரி இருக்கு." உடனே சொந்தக்காரர்கள் ஆட்டுக்கால் சூப்பும் நெய்யுமாக வந்து திணிப்பார்கள். முதலில் அதை நிறுத்துங்கள்.

எந்தச் சுவை கெட்டிருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு, காப்பி டிகாஷன் ஒவ்வொன்றிலும் ஒரு துளி நாக்கில் வைத்து, நடுநடுவே வாய் கொப்பளித்தால் தெரிந்துவிடும். வாயில் புண் இருந்தால் எலுமிச்சையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, எல்லோரும் சோம்பல்படுகிற வேலை. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு. ஒவ்வொரு வேளையும் சாப்பிடும் முன் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. நாக்கில் படிந்த பழைய ருசி போனால்தான் அடுத்த கவளம் இறங்கும். ஒருநாள் செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்றால் எப்படி?

இரும்பு வாடைக்கு எவர்சில்வரை ஒதுக்குங்கள். பீங்கான் தட்டு, மரக்கரண்டி. என்னைக் கேட்டால் வாழையிலையும் கையும்தான். மட்டன் கசந்தால் முட்டை, பன்னீர், பருப்பு, எலுமிச்சையில் ஊறிய வஞ்சிரம். இனிப்பு திகட்டினால் ஜூஸில் சிட்டிகை உப்பு. ருசியே தெரியாவிட்டால் இஞ்சி, புதினா, நாரத்தங்காய்.

ஆனால் வாய்ப்புண் வந்துவிட்டால் புளிப்பும் காரமும் கூடவே கூடாது. குழைந்த, புளிக்காத மோர்சாதம், தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம் போதும். நம்மூர் பிரெஞ்சு ரொட்டியின் மேலோடு வாயைக் கிழிக்கும். உள்பகுதியை மட்டும் பாலில் நனைத்துக் கொடுங்கள்.

வாடை குமட்டினால் ஆறவைத்துப் பரிமாறுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறுகிறவர்களுக்கு மட்டும் ஜில்லென்று எதுவும் வேண்டாம். தொண்டையும் விரலும் மரத்துப்போகும். ரோட்டோரத்து ஐஸ் போட்ட சர்பத் யாருக்குமே வேண்டாம், வெள்ளையணு குறைந்திருக்கும் நேரம்.

கீமோ நாளில் பிடித்த பிரியாணியைச் செய்யாதீர்கள். ஒருமுறை வாந்தியானால் மாதக்கணக்கில் அதைப் பார்க்கவே பிடிக்காது.

கீமோ முடிந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ ருசி பெரும்பாலும் திரும்பும். தலை, கழுத்தில் கதிர்வீச்சு என்றால் ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். டாக்டரிடம் "சரியா சாப்பிடல" என்பதைவிட அந்தத் தாள் உபயோகம். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.