மெல்லோட்டம் மிகுவது ஏன்?

நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தை நாடி, அதன் பின்னரே மருத்துவம் செய்க என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை. அம்முறை மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்துமென்பதை யான் உடையார்கட்டிலே கற்றேன்.

2022ஆம் ஆண்டின் பெற்றோல் தட்டுப்பாட்டை எவரும் மறந்திரார். ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றரின் விலை 470 ரூபாவாயிற்று. பின்னர் வந்த பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே முதலிற் கிடைத்தது. அதனையே நம்பிப் பரந்தன்-முல்லைத்தீவு வீதியிற் பாடசாலைக்குச் சென்று வந்த யான், துளியும் வீணாகலாகாதென எண்ணிக் காபரேற்றரைக் கழற்றிக் கழுவினேன். மீளப் பூட்டி மிதித்ததும், கைப்பிடியைத் தொடாமலே யந்திரம் அலறிற்று. சிக்கனத்துக்காகச் செய்த செயல் செலவையே பெருக்கியது!

வண்டி நிற்கும்போது யந்திரம் அணையாது மெதுவாக ஓடுவதை மெல்லோட்டம் என்போம். சிறு வண்டிகள் பலவற்றில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்றாகும். காற்றின் வழியை மறித்து நிற்பது திறொட்டில் வால்வு. அது முற்றாக மூடாதவாறு சிறிதே தாங்கி நிற்பது மெல்லோட்டத் திருகாணி. எனவே வேகம் மிகுமாயின், வேண்டாத காற்று எவ்வழியாலோ உட்புகுகின்றது என ஐயுறுதல் வேண்டும். அவ்வழிகள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது, திருகாணி. ஜெற்றில் அழுக்கு அடைத்திருந்த காலத்தில், யந்திரம் அணையாதிருக்க இதனை நாமே இறுக்கியிருப்போம். கழுவியபின் அடைப்பு நீங்கிவிடும். பழைய இறுக்கமோ நீங்குவதில்லை. யந்திரம் சூடேறியபின் சிறிது சிறிதாகத் தளர்த்தினால் இக்குறை தீரும்.

இரண்டாவது, கேபிளும் வால்வும். கைப்பிடி சில மில்லிமீற்றர் தளர்வாக அசைதல் வேண்டும். ஹான்டிலை இருபுறமும் திருப்பும்போது வேகம் மாறினால், கேபிள் இழுபட்டிருக்கின்றது என்க. வால்வின் அடியில் வளைவாக வெட்டிய பக்கம் காற்று வடிகட்டியை நோக்குதல் வேண்டும். மாறிப் பூட்டினால் வால்வு அடிவரை இறங்காது.

மூன்றாவது, காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையேயுள்ள பொருத்துகள். அங்குள்ள றப்பர் வளையமோ காஸ்கெற்றோ பழுதுற்றால், காபரேற்றரைக் கடவாத காற்று நேரே உட்செல்லும். கலவையில் எரிபொருள் குறையும், வேகம் ஏறும், ஏறிய வேகம் இறங்கவும் தாமதிக்கும்.

இம்மூன்றில் எது காரணமென்று எங்ஙனம் அறிவது? யான் திருகாணியை முற்றாகத் தளர்த்தியும் அலறல் தணியவில்லை. எம்மூரில் அயலவரான முதியவர் ஒருவர் அதனைக் கண்டார். 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், துளி பெற்றோல் ஊட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டியோட்டியவர் அவர். காபரேற்றரைக் கழற்றாத கிழமை அவருக்கு அன்று அரிது. "மாஸ்டர், ஆணியை விடுங்கோ. காத்து எங்காலை போகுதெண்டு பாருங்கோ" என்றார்.

அவர் சொல்லில் ஒரு தருக்கம் இருந்தது. திருகாணி தளர்ந்து, வால்வும் அடியில் அமர்ந்தால், யந்திரம் அணைந்துவிடுதல் வேண்டும். அணையாது அலறுமாயின், ஒன்றில் வால்வு இறங்கவில்லை. அன்றேல் காற்று வேறு வழியாற் புகுகின்றது. வால்வு சரியாக இறங்கியிருந்ததைக் கண்டோம். பின்னர் பொருத்தின்மீது சிறிது நீர் தெளித்தோம். அக்கணமே ஓசை மாறிற்று. கழற்றிப் பார்த்தபோது, பெற்றோலில் ஊறிப் பருத்த றப்பர் வளையம் தன் பள்ளத்தினின்று விலகி நசுங்கிக் கிடந்தது. புதிய வளையம் இட்டதும் மெல்லோட்டம் மீண்டது.

இச்சோதனைக்குப் பெற்றோலைத் தெளித்தல் ஒருபோதும் ஆகாது; சூடேறிய யந்திரத்தில் அது தீப்பற்றும். கலவைத் திருகாணியைக் கழற்றுமுன், அதனை மென்மையாக அடிவரை இறுக்கி, எத்தனை சுற்று என எண்ணிக் குறித்துக்கொள்க. மீளப் பூட்டும்போது அக்கணக்கே வழிகாட்டும்.

வகுப்பில் இரையும் மாணவனை அதட்டி அடக்குமுன், அவன் இரைவதேன் என்று கேட்கும் பொறுமையையும் அந்த றப்பர் வளையமே எனக்குக் கற்பித்தது.