போட்டோவைப் பார்த்து கீபோர்டு மாடலைக் கண்டுபிடிப்பது எப்படி?



எங்க அம்மா மயிலாப்பூரில் ஒரு வீட்டில் வேலை செய்றாங்க. அந்த வீட்டுப் பாட்டி, "பேரனோட பழைய கீபோர்டு பரண்ல கிடக்கு. அடாப்டர்தான் இல்ல. உன் பொண்ணுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போ"ன்னு சொன்னாங்களாம். அம்மா செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வந்தாங்க. மாமா, "நம்ம வீட்ல 12 வோல்ட் அடாப்டர் சும்மாதானே கிடக்கு, அதையே மாட்டிடலாம்"னு சொன்னார். அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "மாடல் தெரியாம மாட்டாதே. உள்ளே இருக்கிற சர்க்யூட் எரிஞ்சு போயிடும்" என்றார்கள். அதனால் போட்டோவை வைத்து மாடலைத் தேடினேன். கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

1. கட்டைகளை எண்ணுங்கள்: வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் கண் தடுமாறும். நான் ஒரு தடவை 35, அடுத்த தடவை 37 என்று எண்ணினேன். கறுப்புக் கட்டைகளை எண்ணுவது சுலபம். அவை இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக இருக்கும். ஒரு 'இரண்டு', ஒரு 'மூன்று' சேர்ந்தால் ஒரு ஸ்தாயி. அதில் கறுப்பு 5, வெள்ளை 7, ஆக 12 கட்டைகள். எங்கள் போட்டோவில் 5 ஸ்தாயி இருந்தது. 5 x 12 = 60. கடைசியில் தனியாக நிற்கும் ஒரு வெள்ளைக் கட்டையும் சேர்த்து 61.

2. பெயரைப் படியுங்கள்: கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் பெரும்பாலும் மேல்பக்கத்திலேயே இருக்கும். ஒரு எழுத்தைக்கூட விடக் கூடாது. காசியோ சிடி-எக்ஸ்870ஐஎன் என்பதில் கடைசியில் உள்ள 'ஐஎன்' இந்தியாவுக்கான மாடல் என்று காட்டும். யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 என்பதிலும் அந்த 'ஐ' அப்படித்தான். இவற்றில் தபலா, தம்புரா ஒலிகள் உண்டு.

3. மற்ற அடையாளங்கள்: இடப்பக்கம் சின்னச் சக்கரம் இருக்கிறதா? அதை உருட்டினால் சுரம் வளையும். கர்நாடக இசையில் கமகம் கொடுக்க அது உதவும். பின்பக்கம் வட்டமான 5 ஊசித் துளை இருந்தால் அது மிடி. 1983-இல் வந்த முறை. யுஎஸ்பி துளை இருந்தால் அதற்குப் பிறகு வந்த கீபோர்டு.

4. அடிப்பக்கத்தையும் போட்டோ எடுங்கள்: இதுதான் முக்கியம். எங்கள் போட்டோவில் காசியோ சிடிகே-49 வரைதான் தெரிந்தது. கடைசி எண்ணை ஃபிளாஷ் வெளிச்சம் மறைத்துவிட்டது. 491-ம் உண்டு, 496-ம் உண்டு. இரண்டுக்குமே 61 கட்டைகள்! அம்மா மறுநாள் கீபோர்டைத் திருப்பி வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தாங்க. ஸ்டிக்கரில் சிடிகே-496, 9 வோல்ட் என்று தெளிவாக இருந்தது.

வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது. அடாப்டர் முனையின் நடுப்பகுதி நேர்மின்னா, எதிர்மின்னா என்று பார்க்க வேண்டும். ஒரு புள்ளியும் அதைச் சுற்றி வளைவும் வரைந்து + , − போட்டிருப்பார்கள். பழைய காசியோவுக்கான ஏடி-5 அடாப்டர் 9 வோல்ட், நடுவில் எதிர்மின். யமஹா பிஎஸ்ஆர் பலவற்றுக்கு 12 வோல்ட், நடுவில் நேர்மின். மாமா சொன்ன அடாப்டரில் வோல்ட்டும் தப்பு, முனையும் தப்பு!

ரிச்சி தெருவில் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "மாடல் என்னம்மா?" என்பதுதான். நான் பட்டென்று சொன்னேன். அம்மா அந்தக் கீபோர்டை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாங்க. சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் 'ச' வாசித்தது அம்மாதான்.

உங்களுக்கு ஒரு கேள்வி: ஒரு போட்டோவில் கறுப்புக் கட்டைகள் 20. கடைசியில் தனியாக ஒரு வெள்ளைக் கட்டை. மொத்தம் எத்தனை கட்டைகள்?

(விடை: 4 x 12 = 48, அதோடு 1. ஆக 49)

— 9-ஆம் வகுப்பு மாணவி