புதிய டிரைவரா, சென்ற ஆண்டின் டிரைவரா?

கோல்ஃப் ஆடுகிறவர்களின் மனத்தில் ஆண்டுதோறும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒரு சஞ்சலம் தோன்றுவதை நான் நீண்ட காலமாகக் கண்டுவருகிறேன். டெய்லர்மேட், காலவே ஆகிய நிறுவனங்கள் வருஷந்தவறாமலும், பிங், டைட்லிஸ்ட் ஆகியவை ஏறத்தாழ இரண்டு வருஷங்களுக்கு ஒருமுறையும் நெடுந்தூர முதல் அடிக்குரிய மட்டையாகிய டிரைவரில் புதிய மாடல்களை வெளியிடுகின்றன. புதியதன் விலை 600 டாலரைத் தொட்டோ தாண்டியோ நிற்க, சென்ற பருவத்தில் அதே விலைக்கு விற்ற மட்டை அதே கடையின் அதே சுவரில் நூறு, நூற்றைம்பது டாலர் குறைந்து தொங்குகிறது. அமெரிக்காவில் வார இறுதிகளில் ஆடிவரும் நான், சொந்தப் பணத்தில் இரண்டு வகையையும் வாங்கி ஆடிப் பார்த்தவன். மட்டை பிறந்த வருஷம் எது என்ற கேள்வி இரண்டாவதாக நிற்கவேண்டியது என்பதும், அது என் உடம்புக்கும் என் வீச்சுக்கும் இசைந்ததா என்ற கேள்வியே முதலில் நிற்கவேண்டியது என்பதும் அந்த அநுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம்.

வருஷத்துக்கு வருஷம் பெருத்த வித்தியாசம் இருந்த காலமும் உண்டு. பெர்ஸிமன் மரத்தைக் கடைந்து செய்த தலைகள் அரசோச்சிய நாளில், 1979இல் டெய்லர்மேட் எஃகுத் தலையைக் கொண்டுவந்ததும், 1991இல் காலவேயின் பிக் பெர்தா பெரிய தலையோடு வந்ததும், 1995இல் அதன் வாரிசாகிய கிரேட் பிக் பெர்தா டைட்டேனியத்தில் வந்ததும், சாதாரண ஆட்டக்காரனின் பந்தைக் கண்ணெதிரே தூரம் தள்ளிவிட்ட மாறுதல்கள். அன்றைக்குப் பழையதைப் பிடித்துக்கொண்டிருப்பது மெய்யாகவே நஷ்டம். ஆனால் விதிகளை வகுக்கும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் பின்னர் எல்லைக்கோடுகளை இட்டுவிட்டன. தலையின் கனஅளவு 460 கன செண்டிமீட்டரைத் தாண்டலாகாது. ஊசலின் உலோகக் குண்டால் தட்டிச் சோதிக்கும்போது முகம் அதனோடு ஒட்டியிருக்கும் நேரம், சலுகை உட்பட, 257 மைக்ரோ விநாடிக்கு மேற்படலாகாது. ஓரத்தில் பட்ட அடியால் தலை திருகிக்கொள்ளாமல் எதிர்த்து நிற்கும் சக்திக்கும் 5,900 என்ற ஒரு வரம்பு உண்டு. 2000க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்குள் இவையனைத்தும் நிலைபெற்றுவிட்டன.

ஆகையால் முகத்தின் நடுமையத்தில் பட்ட அடியைப் பொறுத்தவரை, இந்த வருஷத்து டிரைவர் சென்ற வருஷத்து டிரைவரை வெகுவாக முந்திச்செல்ல விதி இடம் கொடுப்பதில்லை. பின் எதில்தான் முன்னேற்றம் நிகழ்கிறது என்றால், ஓரங்களில். குதிப்பக்கமாகவோ முனைப்பக்கமாகவோ, அல்லது முகத்தின் அடிப்பகுதியிலோ பட்டு வழுவிய அடியிலும் வேகம் குன்றாமலும் திசை பிறழாமலும் பந்தை அனுப்புவதில் சிறுகச் சிறுகத் திருத்தங்கள் சேர்ந்துவருகின்றன. 2022இல் டெய்லர்மேட்டின் ஸ்டெல்த் கார்பன் முகத்தோடு வந்ததும், 2024இல் பிங்கும் டெய்லர்மேட்டும் 10,000 என்ற எண்ணைப் பெரிதாக விளம்பரம் செய்ததும் இந்த வழியில் நிகழ்ந்தவையே. அந்தப் பதினாயிரம், இரண்டு அச்சுகளின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிய தொகை என்பதையும், நான் சொன்ன 5,900 ஓர் அச்சுக்கு மட்டும் உரிய வரம்பு என்பதையும் வாங்குகிறவர் தெரிந்துகொண்டால் மயக்கம் நேராது. ஒரு வருஷத்துப் படி சிறியது. ஆறேழு வருஷத்துப் படிகள் சேர்ந்தால் கால் உணரத்தக்க உயரம் ஆகிவிடும்.

புதியதே வேகமானது என்று எண்ணுகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். மெல்லிய டைட்டேனிய முகம் பலகாலம் அடிபட அடிபடத் துள்ளல் கூடிக்கொண்டே போவதுண்டு. இறுதியில் கீறல் விடும். 2019இல் போர்ட்ரஷ்ஷில் நடந்த ஓப்பன் போட்டிக்கு முன்னர் தொழில்முறை ஆட்டக்காரர் ஸாண்டர் ஷாஃப்லியின் டிரைவர் சோதனையில் வரம்பைத் தாண்டியதாகக் காணப்பட்டு விலக்கப்பட்டது. பழையது என்பதனாலேயே ஒரு முகம் சோர்ந்துபோய்விடும் என்பது வெறும் பிரமை.

இனி ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. எனக்கு மிகுந்த பிரயோஜனம் அளித்தது இதுவே ஆதலால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி ஆகியவற்றை அளக்கும் கருவி உள்ள கடைக்குப் போகும்போது கையிலிருக்கும் பழைய டிரைவரையும் எடுத்துச் செல்லவேண்டும்; அது இல்லாத பரீட்சை பரீட்சையே அல்ல. முதலில் பழையதை அடித்து முடித்துவிட்டுப் பிறகு புதியதை எடுத்தால், உடம்பு சூடேறித் தோள்கள் இளகியதன் பலனெல்லாம் புதியதன் கணக்கில் ஏறிவிடும். ஆதலால் நான் பழையது, சென்ற ஆண்டினது, புதியது என்று மாற்றி மாற்றியே அடிப்பேன். களைப்புத் தட்டிய பின்னரும் ஒரு சுற்று அடிப்பேன், ஏனெனில் பதினைந்தாவது குழிக்கு வரும்போது மைதானத்தில் நான் அந்த நிலையில்தான் இருப்பேன். மூன்றிலும் முகச்சாய்வாகிய லாஃப்ட் ஒன்றாகவும், மட்டையின் தண்டாகிய ஷாஃப்ட் இயன்றவரை ஒரே வகையாகவும் இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். ஒன்பது பாகை மட்டையையும் பத்தரைப் பாகை மட்டையையும் வைத்துக்கொண்டு வருஷங்களை ஒப்பிட முடியாது.

திரையில் தோன்றும் எண்களில் மிக நீண்ட தூரத்தைப் பார்த்து மகிழ்வது மனித ஸ்வபாவம். நான் பார்ப்பது இரண்டு எண்களை. முதலாவது, பந்தின் வேகத்தைத் தலையின் வேகத்தால் வகுத்து வரும் விகிதம். டிரைவரில் இதன் உச்சம் ஏறத்தாழ 1.5. மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசுகிறவர் மிக நன்றாக அடித்தால் பந்து 135 மைலில் புறப்படும். அவருடைய பழைய மட்டையே சராசரியாக 1.47 கொடுத்துக்கொண்டிருந்தால், உலகத்தில் எந்தப் புதிய தலையும் அவருக்கு அந்த வகையில் பெரிதாக ஒன்றும் சேர்த்துவிட முடியாது. சராசரி 1.40 என்று வந்தால் பந்து 126 மைலில்தான் போகிறது. அங்கே பதினைந்து கஜத்துக்குக் குறையாத தூரம் ஒளிந்திருக்கிறது, ஆனால் அதை வெளிக்கொணர்வது தலையின் வயதைவிடப் பொருத்தமும் பயிற்சியுமே. இரண்டாவதாக நான் பார்ப்பது, மிக மோசமான அடிகள் எங்கே போய் விழுந்தன என்பதை. மரங்களுக்குள் போகும் பந்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் மட்டையே எனக்குச் சிறந்த மட்டை.

ஷாஃப்டின் நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இக்காலத்து டிரைவர்கள் கடையில் 45½ அங்குலமும் அதற்கு மேலும் இருக்கின்றன. உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்களிலேயே அநேகர் அதைவிடக் குறைந்த நீளத்தைக் கையாளுகிறார்கள். கிரிப்பில் அரை அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து அடித்துப் பார்த்தபோது, பந்து முகத்தின் நடுவில் படுவது எனக்குக் கண்கூடாகப் பெருகியது. இதற்கு ஒரு செலவும் இல்லை. ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல்களில் ஷாஃப்டைத் தலையோடு இணைக்கும் உறை பெரும்பாலும் மாறாமல் வருவதால், மனத்துக்கு இசைந்த ஷாஃப்ட் ஒன்று அமைந்துவிட்டால் தலையை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. பிங்கின் ஜி410, ஜி425, ஜி430 ஆகிய மூன்றும் இத்தகையவை.

இவ்வாறெல்லாம் பார்த்த பிறகு நான் வாங்கியது பெரும்பாலும் முந்திய மாடலையே. மிஞ்சிய பணத்தை ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்பதில் செலவிட்டேன். தூரத்திலும் திசையிலும் எனக்குக் கிடைத்த லாபம் அதிலிருந்து வந்ததே அதிகம். ஆனால் புதியதை வாங்கவேண்டிய தருணங்கள் இல்லாமல் இல்லை. கையிலிருப்பது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முற்பட்டதாயின், அல்லது மாற்றி மாற்றி அடித்த பரீட்சையில் புதியது மோசமான அடிகளை மெய்யாகவே குறுக்கியதாயின், விலையைப் பற்றித் தயங்குவது வீண். இடக்கை ஆட்டக்காரர்களுக்கும், உயரத்தினாலோ வீச்சின் வேகத்தினாலோ தனி அளவில் செய்வித்துக்கொள்ளவேண்டியவர்களுக்கும் விலை குறைந்த சரக்கில் வேண்டிய லாஃப்டும் ஷாஃப்டும் கிடைப்பது அரிது. அவர்கள் புதியதையே நாடுவது நியாயம். மட்டையைத் தரையில் வைத்துக் குனிந்து பார்க்கும்போது அதன் வடிவம் கண்ணுக்கு நம்பிக்கை தருகிறதா, அடியின் ஓசை காதுக்கு உகக்கிறதா என்பதும் அலட்சியம் செய்யத்தக்க விஷயங்கள் அல்ல. அவநம்பிக்கையோடு வீசுகிற வீச்சு சுருங்கிவிடும்.

முந்திய மாடலை வாங்குவதென்று தீர்மானித்தவர், அடுத்த மாடல் அறிவிக்கப்பட்ட உடனே விலை முதலில் ஒரு படி இறங்குவதையும், மறு வருஷம் இன்னொரு படி இறங்குவதையும் நினைவில் கொள்ளலாம். எனினும் இரண்டாவது இறக்கத்துக்குக் காத்திருந்தால் பத்தரைப் பாகையும் வழக்கமான ஷாஃப்டுகளும் முதலில் தீர்ந்துபோகும். பிறர் பயன்படுத்தியதை வாங்குகிறவர் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். தலையைக் காதருகே குலுக்கி உள்ளே ஏதேனும் கலகலக்கிறதா என்று கேட்கவேண்டும். மேல்மூடியும் முகமும் சேரும் விளிம்பை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். போலிச் சரக்குகள் நடமாடுவதால், கழுத்தில் பொறித்த வரிசை எண்ணை நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்வதும், சில வாரங்கள் ஆடிப் பார்த்துத் திருப்பிக்கொடுக்கச் சம்மதிக்கும் கடையில் வாங்குவதும் உத்தமம்.