வேகம் எங்கே போனது?



நம் ஆண்டு மலரில் கவிதையும் துணுக்கும் நிறைய வரும். எனக்குக் கவிதை வராது. அதனால் இந்த ஆண்டு எங்கள் மின்னியல் பிரிவு மாணவர்கள் சேர்ந்து செய்த ஒரு வேலையைச் சின்னப் பாடமாக எழுதுகிறேன். பேட்டரியில் ஓடும் ரிமோட் காரின் வேகம் குறைந்தால் குறை எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? அதுதான் பாடம். மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் இதில் பாதிப் பங்கு உண்டு.

"பொம்மைக் காருக்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிக்க வேண்டாம். பேட்டரி, கன்ட்ரோலர், மோட்டார், பல்சக்கரம், டயர் என்ற இந்த வரிசைதான் மின்சார ஆட்டோவிலும் இருக்கிறது. இதில் குறை கண்டுபிடிக்கத் தெரிந்தவன் அதிலும் கண்டுபிடிப்பான்.

எங்கள் கார் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு. 540 வகை கார்பன் பிரஷ் மோட்டார். 6 செல் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. புதிதாக இருந்தபோது, ஓடி வந்து 20 மீட்டரைக் கடக்க 4.1 விநாடி. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அதே தூரத்துக்கு 5.4 விநாடி ஆனது. "டேய், மோட்டார் போச்சுடா, புதுசு வாங்கிடலாம்" என்றார்கள் பாதிப் பேர். "பினியனை ஒரு பல் பெருசா போட்டா சரியாயிடும்" என்றார்கள் மீதிப் பேர். கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். மோட்டார் வாங்கினால் போட்டிக்குப் போக பஸ் செலவுக்கு இல்லை. ஆகவே முதலில் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

1. முதலில் ஒரு கணக்கு

மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்று சுற்றுகிறது, பல்விகிதம் 8, டயர் விட்டம் 6.4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று. ஒரு சுற்றுக்கு சுமார் 20 செ.மீ. நகரும். அப்படியானால் மணிக்கு சுமார் 18 கி.மீ. வேகம்.

டி.சி. மோட்டாரின் வேகம் அதற்குக் கிடைக்கும் வோல்டேஜைப் பொறுத்தது என்று படித்திருக்கிறோம். 7.2 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 6 வோல்ட்தான் கிடைத்தால் 12,000 சுற்று ஏறத்தாழ 10,000 ஆகும். 18 கி.மீ. 15 ஆகிவிடும். மோட்டாரில் ஒரு குறையும் இல்லாமலே இது நடக்கும். எனவே மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன், அதற்குச் சாப்பாடு ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. பேட்டரி

நன்றாக சார்ஜ் ஏறிய 6 செல் பேட்டரி சும்மா இருக்கும்போது 8 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். அதைப் பார்த்து பேட்டரி நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. வயதான பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். சுமை கொடுத்து அளக்க வேண்டும். காரின் மூக்கைச் சுவரில் முட்டவைத்து, வழவழப்பான மொசைக் தரையில் சக்கரம் வழுக்கும்படி 2 விநாடி மட்டும் முழு வேகம் கொடுத்து அளந்தோம். அதற்கு மேல் கொடுத்தால் மோட்டார் சூடாகிவிடும். எங்கள் பேட்டரி 8.4-லிருந்து 7.2-க்கு இறங்கியது. அதுவரை சரி. இந்த இடத்தில் 6-க்கும் கீழே சரிந்திருந்தால் பேட்டரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

லித்தியம் பாலிமர் பேட்டரி வைத்திருப்பவர்கள் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பிய பேட்டரியை சார்ஜ் போடவே கூடாது.

3. வழியில் திருடு போகும் வோல்ட்

அதே சுமையில் மோட்டாரின் இரண்டு முனையில் அளந்தோம். 5.9 வோல்ட்தான்! பேட்டரியில் 7.2, மோட்டாரில் 5.9. நடுவில் 1.3 வோல்ட் எங்கே போனது?

மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி ஒயரை அளந்தால் பதில் கிடைக்காது. சாதாரண மீட்டரில் 0.04 ஓம் என்பது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த 0.04 ஓம் வழியே 20 ஆம்பியர் போனால் 0.8 வோல்ட் காணாமல் போகும். அது 16 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் போலப் பிளக் சுடும். ஆகவே கரண்ட் ஓடும்போதே, ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கமும் மீட்டர் கம்பியை வைத்து வோல்ட்டை அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும்.

எங்களுக்குக் கிடைத்தது இது: பேட்டரி பிளக்கில் 0.8, ஸ்பீடு கன்ட்ரோலரில் 0.2, மோட்டார் ஒயரிலும் அதன் பிளக்கிலும் 0.3. கூட்டினால் சரியாக 1.3. கிர்ச்சாஃப் விதி வராந்தாவில் வந்து நின்றது போல இருந்தது! பேட்டரி பிளக்கின் பிளாஸ்டிக் லேசாகப் பழுத்து, உள்ளே இருந்த பித்தளை முனை தளர்ந்திருந்தது. புதுப் பிளக் ஒரு ஜோடி வாங்கி சால்டர் வைத்தோம். செலவு நூறு ரூபாய்க்குள். 20 மீட்டர் நேரம் 4.7 விநாடிக்கு வந்தது.

4. ஸ்பீடு கன்ட்ரோலர்

கன்ட்ரோலரில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, டிரான்ஸ்மிட்டரில் விசையை முழுக்க இழுத்தால் அது முழு வேகம் என்று கன்ட்ரோலருக்குத் தெரிய வேண்டும். டிரான்ஸ்மிட்டரை மாற்றினாலோ டிரிம்மைத் திருப்பினாலோ இந்த அளவு மாறிவிடும். மறுபடி செட் செய்ய வேண்டும். இரண்டாவது, பேட்டரி வகை. லித்தியம் என்று செட் செய்த கன்ட்ரோலரில் நிக்கல் பேட்டரியைப் போட்டால், சுமையில் வோல்ட் இறங்கியதும் பேட்டரி தீர்ந்தது என்று நினைத்து அது தானே வேகத்தைக் குறைக்கும். மாற்றிப் போட்டாலோ லித்தியம் பேட்டரி அளவுக்கு மீறி இறங்கிப் பாழாகும்.

5. மெக்கானிக்கல் பக்கம்

எங்க அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு மீட்டர் தெரியாது. ஆனால் யார் "சைக்கிள் கனமா மிதிக்குதுண்ணே" என்று வந்தாலும், முதலில் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று விடுவார். சுற்றி நிற்கும்வரை காது கொடுத்துக் கேட்பார். பிரேக் கட்டை உரசுதா, கோன் இறுக்கமா என்று அதிலேயே சொல்லிவிடுவார்.

அதையே காரிலும் செய்தோம். மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரத்தை விரலால் சுற்றினோம். மூன்று சக்கரம் சுகமாகச் சுற்றியது. பின் இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. கழற்றிப் பார்த்தால் புஷ்ஷைச் சுற்றி நூலும் தலைமுடியும் கயிறு போல இறுகியிருந்தது. அடுத்து பினியனும் பெரிய பல்சக்கரமும் சேரும் இடம். அங்கே இடைவெளியே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தை இரண்டுக்கும் நடுவில் விட்டுச் சுற்றினால் மடிப்பு விழுந்து வர வேண்டும், கிழிந்து வரக் கூடாது. எங்களுக்குக் கிழிந்தது. மோட்டாரைக் கொஞ்சம் தள்ளி இறுக்கினோம்.

இப்போது 4.2 விநாடி!

6. மோட்டாரை எப்போது சந்தேகிப்பது?

இதெல்லாம் சரியாக இருந்தும் வேகம் வரவில்லை என்றால்தான் மோட்டார் பக்கம் போக வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அதிகச் சூட்டில் காந்தம் பலவீனமான மோட்டார், சுமை இல்லாமல் முன்பைவிட வேகமாகவே சுற்றும். சத்தம் கேட்டு "சூப்பரா இருக்கு" என்போம். தரையில் வைத்தால் இழுவை இருக்காது, கரண்ட் அதிகம் குடிக்கும். ஆகவே புது மோட்டார் சுமையில்லாமல் எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று முதல் நாளே நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு ஒப்பிட உதவும். சாதாரண மூடிய 540 மோட்டாரில் பிரஷ் மாற்ற முடியாது. பிரஷ் தேய்ந்தால் மோட்டாரே மாற வேண்டும்.

பெரிய பினியன் யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கோ இறுகிக் கிடக்கும் காரில் பினியனைப் பெரிதாக்குவது, பாரம் ஏற்றிய மாட்டை ஓடச் சொல்லி அடிப்பது மாதிரி. சுமை கூடும், கரண்ட் கூடும், மோட்டார் கருகும்.

முடிவாக

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் நேரம் எடுத்து எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. எங்கள் நோட்டில் 5.4, 4.7, 4.2 என்று மூன்று எண்கள்தான் இருக்கின்றன. ஆனால் எந்தக் குறை எவ்வளவு தின்றது என்பதை அவை சொல்லிவிடும்.

மோட்டார் வாங்காத பணத்தில் பஸ் ஏறிப் போட்டிக்குப் போனோம். நான்காவது இடம். கப் இல்லை, ஆனால் கார் கடைசிவரை ஓடியது.

காசு இருக்கிறவர்கள் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். நம்மில் பலருக்கு அந்த வசதி கிடையாது, அளந்துதான் பார்க்க வேண்டும். நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் நின்றுபோன மெஷின் முன்னால் நம்மை நிறுத்தி "என்னப்பா ஆச்சு?" என்று கேட்பார்கள். அப்போது கையில் மீட்டரும் வரிசையாகப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதும், பதில் சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்துக்கு இந்தக் கார் நல்ல பாடப்புத்தகம். யாருக்காவது பார்க்க வேண்டுமென்றால் எங்கள் லேபுக்கு வாருங்கள், நோட்டையும் காட்டுகிறேன்.