கவலையும் பதற்ற நோயும்

கர்த்தருக்குள் பிரியமான ஊழியப் பங்காளர்களே,

ஆரணியில் தறியை நம்பி வாழும் குடும்பங்களுக்குக் கவலைகள் அநேகம். பட்டு நூல் விலை ஏறுகிறது. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்கிறது. வாங்கின முன்பணம் கடனாகிறது. இந்தக் கவலை நோயல்ல. வேலை ஓடி, கூலி கைக்கு வந்தால் தணிந்துவிடும்.

காரணம் நீங்கினபின்பும் தணியாமல், தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிற பயமே பதற்ற நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் உலகில் சுமார் 30 கோடிப் பேர் இதனால் வருந்தினார்கள். அடிக்கடி காண்பவை மூன்று:

1. பொதுப் பதற்ற நோய்: ஆறு மாதமோ அதற்கு மேலோ, பல காரியங்களைக்குறித்து ஓயாத கவலை, உடல் இறுக்கம், களைப்பு, தூக்கமின்மை.

2. பீதி நோய்: திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று தோன்றும், சில நிமிடங்களில் உச்சமடைந்து தணியும். மறுபடி வருமோ என்ற பயம் ஆளை வீட்டோடு முடக்கிவிடும்.

3. சமூக அச்சம்: நாலுபேர் முன் பேசவும் சாப்பிடவும் நடுக்கம்.

நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால், "மனசுதான்" என்று நாமே தீர்மானிக்கக் கூடாது. இருதயம், தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றை மருத்துவர் முதலில் சோதிக்கவேண்டும்.

"விசுவாசம் குறைந்ததால் வந்தது" என்று சபையில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் பயத்தோடு குற்றவுணர்வையும் சுமத்துகிறது, வைத்தியம் தள்ளிப்போகிறது. மருந்தை விடுவதே விசுவாசம் என்று திடீரென நிறுத்துகிறவர்கள் அதிக வேதனையோடு திரும்பி வருகிறார்கள். 1 இராஜாக்கள் 19-ஐ வாசியுங்கள். சூரைச்செடியின்கீழ் சாக விரும்பின எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவும் விட்டான்.

இந்நோய்க்குச் சுகம் உண்டு. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் ஆலோசனை சிகிச்சை பலனளிக்கிறது. மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தாரும் நோயாளியோடு தங்கி சிகிச்சையில் பங்குபெறுகிறார்கள். 2022-ல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

உங்கள் காணிக்கை மருந்துக்கு உதவும். உங்கள் சபையில் பயந்திருக்கிற ஒருவரோடு கூட நடந்து ஆஸ்பத்திரிக்கு வர உங்களால்தான் முடியும். ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு அழைத்து வாருங்கள்.

சிந்திக்க: நம் சபையில், "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று ஒருவர் வெட்கமின்றிச் சொல்லக்கூடுமா?

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி போதகர்