கொதிக்கும் கொழுப்பில் ஒரு கரண்டி மாவு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. லீட்ஸில் மகள் வீட்டிலும் அட்லாண்டாவில் மகன் வீட்டிலும் மாறி மாறி இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறீர்கள். ‘இரண்டு தேசத்திலும் வெள்ளைக்காரர் சாப்பாடு ஒன்றுதான். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வீட்டில் சமைக்கிறவர்களே அங்கே கிடையாது போலிருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில், அட்லாண்டாவில் பக்கத்து வீட்டு அம்மாள் எழுதிக் கொடுத்த கேக்கை லீட்ஸில் செய்தபோது அது விறுவிறுவென்று எழும்பி நடுவில் அமுங்கிப்போனது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த அம்மாள் தன் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு உங்களிடம் இருக்கிறது என்பதே, அங்கே வீட்டில் சமைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி.

கேக் அமுங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் மாவாகத்தான் இருக்கும். பிரிட்டனில் பல வீட்டு அலமாரிகளில் இரண்டு மாவு இருக்கும். ஒன்று நம் மைதா போன்ற சாதா மாவு, இன்னொன்று செல்ஃப் ரெய்ஸிங் மாவு. இரண்டாவதில் பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்தே வருகிறது. பிரிஸ்டலில் ரொட்டி சுட்டு விற்ற ஹென்றி ஜோன்ஸ் 1845இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். மாதக்கணக்கில் கடலில் கிடக்கும் மாலுமிகளுக்குக் காய்ந்த பிஸ்கட்டுக்குப் பதிலாகப் புது ரொட்டி கிடைக்கட்டும் என்பது அவர் எண்ணம். நீங்கள் எடுத்தது அந்த மாவாக இருந்து, சீட்டில் சொன்னபடி பேக்கிங் பவுடரையும் சேர்த்திருந்தால், கேக் தாங்க முடியாத வேகத்தில் எழும்பும். வெந்து இறுகுவதற்குள் நடுவில் உட்கார்ந்துவிடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இவ்வகை மாவு புழக்கத்தில் உண்டு. அங்கே அதில் உப்பும் சேர்ந்தே வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

அளவையும் பார்க்க வேண்டும். சீட்டில் எல்லாமே கப் கணக்கில் இருந்திருக்கும். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி. பாலுக்கும் தண்ணீருக்கும் அதில் வம்பில்லை. மாவை ஸ்பூனால் அள்ளிக் கப்பில் தூவி, கத்தியால் மேலே வழித்தால் 120 கிராம் வரும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 150 கிராம்கூட ஏறிவிடும். மூன்று கப் மாவு போடுகிற பண்டத்தில் 90 கிராம் வித்தியாசம் என்றால் பக்குவமே மாறிப்போகும். பிரிட்டனில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அடுக்களை மேடையில் தராசு இருக்கும். மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் கிராம் கணக்குதான். பைன்ட் என்று எங்காவது எழுதியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்கப் பைன்ட் 473 மில்லி, பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி. அந்தச் சீட்டை எனக்கு அனுப்புங்கள், கிராமுக்கு மாற்றி எழுதித் தருகிறேன்.

ஆனால் கப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அந்தக் கணக்கை நாடு முழுவதும் நிலைநிறுத்தியவர் ஃபேனி ஃபார்மர், பாஸ்டன் சமையல் பள்ளியின் தலைவி. 1896இல் அவர் எழுதிய புத்தகம் விற்கும் என்ற நம்பிக்கை பதிப்பகத்துக்கே இல்லை. முதல் பதிப்பின் 3,000 பிரதிகளுக்கும் ஆன செலவை அவரையே ஏற்கச் சொன்னார்கள். அதுவரை ஒரு கை மாவு, முட்டையளவு வெண்ணெய் என்று போய்க்கொண்டிருந்தது. கப்பானாலும் கரண்டியானாலும் தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். பக்கத்தில் நின்று சொல்லித்தர அம்மாவோ மாமியாரோ இல்லாத வீட்டில், தராசு வாங்க வசதியில்லாத வீட்டில், ஒரு புதுப்பெண் துணிந்து அடுப்பைப் பற்றவைக்க அந்தப் புத்தகம் போதுமானதாக இருந்தது. கேக்குக்குத் தராசுதான் சரி என்பது என் தீர்மானம். என்றாலும் அந்த அம்மையார் செய்தது பெரிய காரியம்.

இனி உங்கள் பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

லீட்ஸ் இருப்பது யார்க்ஷயரில். அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வீட்டு அடுக்களையில் நின்று பார்க்க வேண்டும். மாவு, முட்டை, பால், கொஞ்சம் உப்பு. ஒரே கிண்ணத்தால் மூன்றையும் சம அளவு எடுக்கிற வீடுகள் உண்டு. நீர்க்கக் கரைத்து மூடி வைத்துவிடுவார்கள். மாட்டிறைச்சி வெந்து ஓவனைவிட்டு வெளியே வந்ததும், அதிலிருந்து வடிந்த கொழுப்பைக் குழித்தட்டின் ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் விட்டு, 220 டிகிரியில் வைப்பார்கள். கொழுப்பு புகைய வேண்டும். புகைந்ததும் தட்டை வெளியே இழுத்து, தாமதிக்காமல் மாவை ஊற்ற வேண்டும். நம் பணியாரச் சட்டியில் மாவு விழும்போது எழுகிற அதே ‘சொய்’ சத்தம் எழும். கதவைச் சாத்தினால் இருபது நிமிடம் திறக்கவே கூடாது. கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்: விளிம்பு கோணல்மாணலாக மேலே ஏறும், நடுவில் குழி விழும், நிறம் பொன்னிலிருந்து பழுப்புக்குப் போகும். அதுதான் யார்க்ஷயர் புட்டிங். இறைச்சிச் சாற்றில் செய்த கிரேவியை அந்தக் குழியில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். முன்காலத்தில் இதை இறைச்சிக்கு முன்னதாகவே பரிமாறினார்கள். இதிலேயே வயிறு பாதி நிறைந்துவிட்டால், விலை கூடிய இறைச்சி வீட்டில் எல்லோருக்கும் எட்டும். நீங்கள் அசைவம் சாப்பிடுவீர்களா என்று எழுதவில்லை. சூரியகாந்தி எண்ணெயிலும் இது நன்றாகவே எழும்பும்.

அங்கிருந்து, அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியாவுக்கு வாருங்கள். கனத்த வார்ப்பிரும்புச் சட்டி. காலையில் பேக்கன் பொரித்தபோது உருகிய கொழுப்பை எடுத்து வைத்திருப்பார்கள். அதைச் சட்டியில் விட்டு ஓவனில் காய வைப்பார்கள். மக்காச்சோள மாவு, மோர், முட்டை, உப்பு, சோடா சேர்த்துக் கரைத்தது தயாராக இருக்கும். காய்ந்த சட்டியில் ஊற்றினால் அங்கும் அதே சத்தம். அடியும் ஓரமும் மொறுமொறுவென்று வெந்து, உள்ளே மெத்தென்றிருக்கும். தெற்கத்திக்காரர்கள் பலர் இந்த மக்காச்சோள ரொட்டியில் சர்க்கரை போட ஒப்பமாட்டார்கள். வடக்கே இனிப்பாகச் செய்வார்கள். இந்தச் சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை.

கொழுப்பைக் காயவைத்து மாவை ஊற்றும் கை இரண்டு இடத்திலும் ஒன்று. தானியம்தான் மாறியிருக்கிறது. நீங்கள் ‘ஒன்றுதான்’ என்று சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. இங்கிலாந்தில் ஹானா கிளாஸ் என்ற பெண்மணி 1747இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் யார்க்ஷயர் புட்டிங் இருக்கிறது. கொத்தமல்லி விதையும் மிளகும் சேர்த்து ‘இந்திய முறை’க் கறி வைப்பதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. அட்லாண்டிக்கின் அக்கரையில் இருந்த காலனிகளிலும் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தார்கள். அமெரிக்கர் ஒருவர் எழுதிய முதல் சமையல் புத்தகம் 1796இல் ஹார்ட்ஃபோர்டில் வந்தது. எழுதியவர் அமீலியா சிம்மன்ஸ், தாய் தகப்பன் இல்லாதவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவர். பல குறிப்புகளை ஆங்கிலேயப் புத்தகங்களிலிருந்தே எடுத்திருந்தார். ஆனால் மக்காச்சோள மாவும் பூசணியும் வான்கோழியோடு கிரான்பெரியும் உள்ளே நுழைந்துவிட்டன. அந்த மண்ணின் பூர்வகுடிகள் உணவாக உண்டு வந்தவை அவை. கோதுமை சரியாக வராத நிலத்தில் குடியேறியவர்கள் பூர்வகுடிகளிடம் கற்றுக்கொண்டு உயிர் பிழைத்தார்கள்.

அதற்கும் மேலே, தென் மாநிலங்களின் அடுப்படியில் நின்றவர்கள் யார் என்பதை நாம் மறக்கக் கூடாது. வெண்டைக்காயும் தட்டைப்பயறும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. அவற்றைச் சமைத்த பெண்கள் அடிமைகளாக இருந்தார்கள். அடிமையாகப் பிறந்த ஆபி ஃபிஷருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்லப் பிறர் எழுதி, 1881இல் சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய சமையல் புத்தகம் அச்சானது. பிறகு 1976இல் எட்னா லூயிஸ், தான் வளர்ந்த வர்ஜீனியாவின் ஃப்ரீடவுன் என்ற ஊரின் சமையலை எழுதினார். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள் அமைத்துக்கொண்ட ஊர் அது. பேக்கிங் பவுடர் அளக்கக் கரண்டி இல்லாமல், காசின்மேல் குவித்து அளந்தார்கள் அங்கே. அமெரிக்க வீட்டுச் சமையல் என்று நான் மரியாதையோடு நினைப்பது முதலில் இவர்களைத்தான். பர்கர் கடையை வைத்து அந்த நாட்டை எடைபோடுவது இவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பிரிட்டனுக்கு நடக்கும் அநியாயம் வேறு விதம். ரேஷன் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே இரண்டாம் உலகப் போரின்போது 1940 ஜனவரி 8இல் பேக்கன், வெண்ணெய், சர்க்கரையில் தொடங்கிய ரேஷன், இறைச்சிக்கான கட்டுப்பாடு 1954 ஜூலை 4இல் நீங்கியபோதுதான் முடிந்தது. அளவு அவ்வப்போது மாறினாலும், ஓர் ஆளுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 57 கிராம் வெண்ணெய், 57 கிராம் தேயிலை, 227 கிராம் சர்க்கரை, ஒரே ஒரு முட்டை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த முட்டைப் பொடி 1942 முதல் கொஞ்சம் கைகொடுத்தது. ஒரு பாக்கெட் பன்னிரண்டு முட்டைக்குச் சமம். எலுமிச்சையும் வாழைப்பழமும் கண்ணில் படவில்லை, வெங்காயத்துக்கே தட்டுப்பாடு. போர் முடிந்து அடுத்த ஆண்டுதான் ரொட்டிக்கே ரேஷன் வந்தது. பண்ணை வீடுகளில் ஊருக்கு ஒரு மணமாகச் செய்த பாலாடைக்கட்டிகள் நின்றுபோய், அரசு சொன்ன ஒரே மாதிரிக் கட்டி எங்கும் புழங்கியது. 1940இல் பிறந்த ஒரு பெண்குழந்தை பதினான்கு வயதுவரை இதையே பார்த்து வளர்ந்திருப்பாள். அவள் அம்மாவிடமிருந்து எதைப் படித்திருக்க முடியும்? எலிசபெத் டேவிட் 1950இல் மத்தியதரைக் கடல் நாடுகளின் சமையலை எழுதியபோது, ஆலிவ் எண்ணெய் வேண்டுமானால் மருந்துக்கடையில் காதுவலிக்கு விற்கும் சிறு புட்டியைத்தான் பலரும் வாங்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் வந்து இறங்கிய லட்சக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் பார்த்தது இந்த நாட்களின் சாப்பாட்டை. ‘பிரிட்டிஷ்காரனுக்குச் சமைக்கத் தெரியாது’ என்ற பேச்சு இத்தனை பலமாக ஊன்றியதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். கைக்குக் கிடைத்ததை வைத்து பதினான்கு ஆண்டு வீட்டாரைப் பட்டினி போடாமல் காத்த பெண்களுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது.

அமெரிக்காவில் தட்டுப்பாடு அவ்வளவு நீளவில்லை. அங்கே வீட்டுச் சமையலை மாற்றியது தகரடப்பா. நன்றி நவிலும் நாளில் உங்கள் மகன் வீட்டு நண்பர்கள் யாராவது பச்சை பீன்ஸ் கேஸரோல் கொண்டு வந்திருப்பார்கள். 1955இல் கேம்பெல் சூப் நிறுவனத்தில் டோர்காஸ் ரைலி உருவாக்கியது அது: காளான் சூப் டப்பா ஒன்று, பீன்ஸ், பால், கொஞ்சம் சோயா சாஸ், மேலே பொரித்த வெங்காயம். வேலைக்குப் போய் வந்து சமைக்கிற பெண்ணுக்கு அது உதவியது. எனக்கு அதன் ருசி பிடிக்காது. ஆனால் குடும்பம் கூடும்போது அது இல்லாமல் முடியாது என்று சொல்லும் வீடுகளின் பாசத்தை நான் மதிக்கிறேன்.

இன்னொன்று, மகன் வீட்டில் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க நேரமாகிறது என்றும் குறைபட்டிருந்தீர்கள். அது மின்சாரத்தின் குணம். பிரிட்டனில் 230 வோல்ட், கெட்டில் 3,000 வாட் வரை இழுக்கும். ஒரு லிட்டர் இரண்டு நிமிடத்தில் கொதித்துவிடும். அமெரிக்காவில் 120 வோல்ட், பெரும்பாலும் 1,500 வாட்; அதனால் இரட்டிப்பு நேரம்.

கடைசியாக முட்டை. அடுத்த முறை போகும்போது இதில் கவனமாக இருங்கள். அமெரிக்காவில் ஆலையிலேயே முட்டையைக் கழுவித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். ஓட்டின்மேல் இயற்கையாக இருக்கும் மெல்லிய படலம் அதில் போய்விடுவதால் கிருமி நுழைய வழி உண்டு. எனவே வாங்கியதும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், மேடையில் விடக் கூடாது. பிரிட்டனில் கழுவாமல் விற்பதுதான் விதி. 1988 டிசம்பரில் அமைச்சர் எட்வினா கரி முட்டைகளில் சால்மோனெல்லா கிருமி பரவியிருப்பதாகச் சொல்லி, விற்பனை சரிந்து, அவர் பதவியையும் விட்டார். அதன்பிறகு கோழிகளுக்கே தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 1998இல் அப்படித் தடுப்பூசி போட்ட கோழிகளின் முட்டைக்குச் சிங்க முத்திரை வந்தது. அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகள்கூட அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று உணவுத் தர முகமை 2017இல் அறிவித்தது. மகள் வீட்டில் மேடையின்மேல் கிண்ணத்தில் முட்டை இருந்தால் பதறி எடுத்து உள்ளே வைக்க வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்